நரம்புக்கு ஏதாவது

பிப்ரவரி 3
கிளாக்கோமாவுக்குச் செக்கப், பார்வை நரம்பு மெல்லச் சாகும் நோய். இடது கண் பிரஷர் 17, வலது 15. "நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். அப்புறம் ஏன் ஓசிடி என்கிற கண் ஸ்கேன் படத்தில், நரம்பு மெலிந்ததைக் காட்டும் சிவப்பு இன்னும் பரவியிருக்கிறது?

பிப்ரவரி 4
தூக்கம் இல்லை.

பிப்ரவரி 7
மறுபடியும் நிகோட்டினமைடு பற்றிப் படித்தேன். வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். 2017இல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பிரஷர் ஏறியும் பார்வை நரம்பு செல்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. 2020இல் ஆஸ்திரேலியாவில் நோயாளிகளுக்கே கொடுத்தார்கள்: 6 வாரம் தினம் 1.5 கிராம், அடுத்த 6 வாரம் 3 கிராம். விழித்திரையின் உள்ளடுக்கு சிலருக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பானது. கொஞ்சம்தான், அதுவும் சில வாரங்களில் பார்த்தது. ஆனாலும் அந்தக் கொஞ்சம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 12
அண்ணன் போன் பண்ணினார். கிங்கோ என்கிற மூலிகை இலை மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். "இலைதானேடா, என்ன பண்ணிடும்?" "நான் ஆஸ்பிரின் சாப்பிடுறேன்ணா. ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம்" என்றேன். இலை என்றால் தீங்கே கிடையாதா? கோபம் வந்தது, அண்ணன் மேல் அல்ல.

பிப்ரவரி 19
ஃபீல்டு டெஸ்ட், பார்வை எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டார்கள். தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எங்காவது ஒளி மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். இடையிடையே நீளமாக ஒன்றுமே வரவில்லை. மின்னவில்லையா, மின்னியும் எனக்குத் தெரியவில்லையா? கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. இல்லாத ஒளிக்கும் அமுக்கிவிடலாம் போலிருந்தது. அமுக்கவில்லை.

பிப்ரவரி 20
டாக்டரிடம் பி3 பற்றிக் கேட்டேவிட்டேன். உடம்புக்கு ஒரு நாள் தேவை சுமார் 16 மில்லிகிராம். 3 கிராம் என்பது மருந்தளவு, ஈரலைப் பாதிக்கலாம், ரத்தம் பார்க்காமல் தொடக்கூடாது என்றார். அதற்குப் பதில் நரம்புக்கான இன்னொரு மாத்திரை, சிட்டிகோலின் 500 மில்லிகிராம் எடுக்கலாமாம். "ஆனா சொட்டு மருந்துதான் முக்கியம். பிரஷர் 1 புள்ளி குறைஞ்சாலே நோய் முத்துற ஆபத்து 10 சதவீதம் போலக் குறையும். இந்த மாத்திரையை நம்பி அதை விட்டுடாதீங்க." இரவுக்கு இன்னொரு சொட்டு சேர்த்திருக்கிறார்.

பிப்ரவரி 21
சிட்டிகோலின் ஆரம்பம்.

மார்ச் 2
ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரியாதுதான். செத்த நரம்பு திரும்பி வராது. இருப்பது போகாமல் இருந்தால் அதுதான் பலன். அதை எப்படி உணர்வது? சொட்டு விட்டு, மூக்கோரக் கண்முனையை விரலால் அழுத்தியபடி இதையேதான் யோசிக்கிறேன்.

மார்ச் 9
ஈரல் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. ரிசல்ட் வந்ததும் மறுபடி கேட்கணும்: பி3யை 1.5 கிராமில் ஆரம்பிக்கலாமா, வேண்டவே வேண்டாமா.