குதிரைக்காரர் மகளா, கம்பவுண்டரா: ஒரு லாயத்து நாட்குறிப்பு

ஜனவரி 6, பெங்களூரு

குதிரை மருத்துவ உதவியாளர் வேலைக்கான விண்ணப்பத்தில் ‘முந்தைய பதவி’ என்றொரு கட்டம். அதில் ஒரு சொல் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆண்டு வேலை பார்த்த லாயத்தில் கொடுத்த சான்றிதழில் ‘பொது உதவியாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தியது, எக்ஸ்ரே எடுக்கத் தட்டைப் பிடித்தது, நள்ளிரவில் வயிற்றுவலிக் குதிரையின் வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்டது எல்லாம் அந்தப் ‘பொது’வுக்குள் அடங்கிவிட்டன. பெருக்கியவருக்கும் அதே சான்றிதழ்தான். அவர் என்னைவிட நன்றாகப் பெருக்குவார் என்பது வேறு.

அப்பா சிரிக்கிறார். முப்பது ஆண்டு சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். “ரேஸ்கோர்ஸில் இதற்குக் கம்பவுண்டர் என்று பெயர். கம்பவுண்டர் என்றே எழுது” என்கிறார். நகருக்குள் அல்சூரில் யாரிடமாவது அப்படிச் சொன்னால் மருந்துக்கடையில் வேலையா என்று கேட்பார்கள்.

ஜனவரி 8

நம் நாட்டுச் சட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தேன். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 30ஆம் பிரிவு. பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் ‘சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்’ செய்யலாம். அதற்கு டிப்ளமாவோ சான்றிதழோ வேண்டும். நான் அந்தச் ‘சிறு’வில் இருக்கிறேன்.

அமெரிக்காவில் கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்தவர்கள் 170 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் அங்கும் பெயர்ச் சண்டை ஓயவில்லை: ஒரு மாநிலத்தில் ‘உரிமம் பெற்றவர்’, இன்னொன்றில் ‘பதிவு பெற்றவர்’, மற்றொன்றில் ‘சான்று பெற்றவர்’. படித்ததும் மனம் லேசாயிற்று. குதிரைக்கென்றே சிறப்புத் தகுதியும் அங்கே உண்டு. பிரிட்டனில் குதிரைச் செவிலியராகவே பயிலலாம்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். பழைய லாயத்து ஜமேதாரை, அதாவது சைஸ்களின் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனேன். வேலூர்க்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்து பாப்பா என்றே அழைப்பவர். பழக்கதோஷத்தில் கையில் காபித் தம்ளரோடு லாயத்துக்குள் நுழைந்துவிட்டேன். “வெளியே போ பாப்பா!” என்று ஒரு அதட்டல். பந்தயக் குதிரையின் சிறுநீரில் கஃபீன் அகப்பட்டால் தடை. காபி பட்ட கையால் வாயைத் தொட்டாலும் வம்புதான். அப்பா ஒருமுறை அன்போடு சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் ஜமேதாரே சொன்னார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வயிற்றில் கெட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஜனவரி 22

எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்தயக் குதிரைகளின் மருத்துவமனை, பந்தயம் முடிந்ததும் சிறுநீர், இரத்த மாதிரி எடுக்கும் பிரிவு, தேவனஹள்ளிப் பக்கத்துச் சவாரிப் பள்ளிகள், மைசூரின் குதிரைப்படைப் போலீஸ், குனிகல் பக்கத்து இனப்பெருக்கப் பண்ணைகள். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன்: பாம்புக்கடி மருந்து. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். விஷம் எடுத்துத் தருவதற்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அந்தக் குதிரைகளைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “குதிரைக்கு வலிக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 4

தும்கூர் சாலையில் ஒரு பண்ணையில் சோதனைக்காலம். குட்டி போடும் பருவம். நம் நாட்டுப் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 பிறந்தநாள் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்க வேண்டும் என்று முதலாளிகள் துடிக்கிறார்கள். சினைக்காலம் பதினொரு மாதம். பெட்டைகளோ பெரும்பாலும் இரவில்தான் ஈனும், நாம் தூங்கும் நேரம் பார்த்து.

நேற்று இரவு ஒரு பெட்டையின் மடிக்காம்பில் மெழுகு கட்டியிருந்தது, ஈனப்போகும் அறிகுறி. 1.20க்குப் பனிக்குடம் உடைந்தது. பண்ணையின் கால்நடை மருத்துவரான டாக்டர் அம்மா வரச் சற்று நேரமாகும். முன்னங்கால்கள் இரண்டு, ஒன்று கொஞ்சம் முன்னே, குளம்பு கீழ்நோக்கி, மேலே மூக்கு. சரியான வரிசை. கையை வைக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. 1.45க்குக் குட்டி வைக்கோலில் கிடந்தது. தொப்புளை மருந்தில் நனைத்தேன். எழ ஒரு மணி, பால் குடிக்க இரண்டு மணி, நஞ்சுக்கொடி விழ மூன்று மணி என்ற கணக்கு. குட்டி நான்கு முறை விழுந்து ஐம்பதாவது நிமிடத்தில் நின்றது. சீம்பாலுக்கு மடியைத் தேடி முதலில் என் மழைக்கோட்டைச் சப்பியது.

நஞ்சுக்கொடியைத் தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அதன் இரண்டு கிளைகளில் (‘கொம்பு’ என்பார்கள்) ஒன்றின் நுனியைக் காணோம் போலிருந்தது. சிறு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்குக் காய்ச்சல், பிறகு குளம்பு வீக்கம். வந்ததும் டாக்டர் அம்மா மடிப்பைப் பிரித்தார். நுனி உள்ளேயே சுருண்டிருந்தது. “பார்த்தது சரி. பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்” என்றார். குட்டிக்குச் சீம்பாலின் எதிர்ப்புச்சக்தி போதுமான அளவு ஏறியதா என்று இரத்தம் எடுத்துப் பார்ப்பது நாளை என் வேலை.

பிப்ரவரி 11

வேலை உறுதி. தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரவுப் பணிக்குத் தனிப்படி கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. அடையாள அட்டையில் ‘டிரெஸ்ஸர்’, அதாவது காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்றிருக்கிறது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “கம்பவுண்டர் இல்லையா?” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஏழாம் அறைப் பெட்டைக்கு மாலையில் மெழுகு கட்டியிருக்கிறது. போய்ப் படுக்கையை அங்கே விரிக்கிறேன்.