பூவா தலையா போட்ட கெமிஸ்ட்ரி வகுப்பு

நம் கெமிஸ்ட்ரி சாருக்கு நாம் வைத்திருந்த பட்டப்பெயரை மலர்க்குழு அச்சிடாது. அதனால் வெறும் ‘சார்’. 1985-ல் பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் கல்பாக்கத்தின் முதல் அணு உலை முறைப்படி மின் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. “அங்கேர்ந்து விஷக்காத்து வந்தா மெட்ராஸ் என்ன சார் ஆகும்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சார் கோபப்படவில்லை. “எந்த வாயுடா கதிரியக்கம் உள்ளது? அதை முதல்ல சொல்லு” என்றார்.

முன்வரிசை ரேடான் என்றது. சரிதான், சாதாரண வெப்பத்தில் வாயுவாக இருக்கும் 11 தனிமங்களில் நிலையான ஐசோடோப்பே, அதாவது தானாக அழியாத அணு வகையே, இல்லாதது ரேடான் ஒன்றுதான். மற்ற வாயுக்கள் நல்ல குடும்பங்கள், அங்கங்கே ஒரு தறுதலைப் பிள்ளை என்றார் சார்: ஹைட்ரஜனில் டிரிட்டியம், கிரிப்டான்-85, செனான்-133. கல்பாக்கம் கேள்விக்கு அவர் சொன்ன பதில் ஆர்கான். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் அதுதான். உலையருகே உள்ள காற்றில் நியூட்ரான் பட்டால் அது ஆர்கான்-41 ஆகிவிடும். அதை உயரமான புகைபோக்கி வழியாக விடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பாதி அழிந்துவிடும்.

பாதி என்றால் எந்தப் பாதி? இதற்குத்தான் அந்தக் கூத்து. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஆளுக்கொரு நாலணாவைச் சுண்டச் சொன்னார். தலை விழுந்தால் அந்த அணு அழிந்தது என்று அர்த்தம், உட்கார வேண்டும். “நீங்க எல்லாரும் தோரான். தோரியத்துலேர்ந்து வர்ற ரேடான். ஒரு சுண்டு, 55 செகண்டு.” முதல் சுண்டில் கிட்டத்தட்ட பாதி வகுப்பு உட்கார்ந்தது. அடுத்ததில் மீதியில் பாதி. கடைசியாக ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். “இவன் எப்ப உட்காருவான்னு கடவுளுக்கும் தெரியாது. க்ளாஸ்ல பாதி எப்ப உட்காரும்னு எனக்குத் தெரியும்” என்றார் சார். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தது தனிக்கதை.

பிற்பாடு அமெரிக்கா வந்து நியூஜெர்சியில் வீடு வாங்கும்போது அதே ரேடானுக்குச் சோதனை என்றார்கள். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்திலிருந்து வருகிற ரேடான்-222-க்கு அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் நேரம், 3.8 நாள். குளிருக்கு அடைத்துவைத்த வீடு, அடிமண்ணின் வாயுவை பேஸ்மென்ட் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ்ந்த மயிலாப்பூர் வீடுகளுக்கு பேஸ்மென்ட்டே கிடையாது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் ரேடான்தான். வீட்டுக் காற்றின் கதிரியக்கம் லிட்டருக்கு 4 பிக்கோகியூரியைத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறது அரசு. தரைக்கடியில் ஒரு குழாய், கூடவே ஒரு விசிறி, வேலை முடிந்தது.

இங்கே நம்மில் பலர் கொலு வைப்பதும் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துவதும் பேஸ்மென்ட்டில்தான். ரேடானைச் சோதிக்கும் கரித்தூள் டப்பா கடையிலேயே கிடைக்கிறது. இந்த நவராத்திரிக்கு முன் ஒன்று வாங்கி வையுங்கள்.