மறைசாட்சிகள் புறப்பட்ட வீடு

உரோமைக்குத் திருப்பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் கல்லறைகளைத் தேடித்தான் போகிறோம். பேதுருவின் கல்லறை, பவுலின் கல்லறை, அப்புறம் நகருக்கு வெளியே இருக்கும் சுரங்கக் கல்லறைகள். நம் ஓரியூருக்குப் போனாலும் அருளானந்தரின் இரத்தம் சிந்திய செம்மண்ணைத்தான் முதலில் கையில் எடுக்கிறோம். உரோமையின் மொன்செராத்தோ தெருவில் இருக்கும் ஆங்கிலக் குருமடத்தில் அப்படி எடுத்துக்கொள்ள மண் கிடையாது. அங்கே படித்தவர்களில் 44 பேர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் கொல்லப்பட்டது கடல் தாண்டி. இங்கிருந்து அவர்கள் கிளம்பினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் எழுந்திருக்க மனமில்லாமல் முழந்தாளிட்டிருந்தது அங்கேதான்.

உரோமையில் மேற்படிப்பு படிக்கும் எங்கள் மறைமாவட்டத்து ஃபாதர் ஒருவர் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தார். பார்னேசே சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். 45-ஆம் எண் வீடு. பிரதர் ஒருவர் வந்து எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

இது குருமடமாகத் தொடங்கவில்லை. 1350-ஆம் ஆண்டு யூபிலிக்கு உரோமைக்கு வந்த ஆங்கிலேயத் திருப்பயணிகள் தங்க நல்ல இடமில்லாமல் மிகவும் கஷ்டப்பட்டார்கள். 1362-இல் அங்கே குடியிருந்த ஆங்கிலேயர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாங்கி, ஏழைப் பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் சத்திரமாக்கினார்கள். வீட்டை விற்றவர்கள் ஜான், ஆலிஸ் ஷெப்பர்ட் என்ற கணவன் மனைவி. செபமாலை விற்றுப் பிழைத்தவர்கள். இதைக் கேட்டதும் எனக்கு வேளாங்கண்ணிக் கடைத்தெருதான் கண்ணில் வந்தது. இந்த வீட்டின் வரலாற்றில் கர்தினால்கள் உண்டு, அரச தூதர்கள் உண்டு. கோயிலுக்குள்ளேயே 1514-இல் உரோமையில் இறந்த யார்க் பேராயர் கர்தினால் பெயின்பிரிட்ஜின் பளிங்குக் கல்லறை இருக்கிறது. ஆனால் அடித்தளம் போட்டது செபமாலைக்காரர்கள் வீடு. அதை நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

எட்டாம் ஹென்றி திருத்தந்தையோடு உறவை முறித்த பிறகு இங்கிலாந்திலிருந்து திருப்பயணிகள் வருவது நின்றுபோனது. சத்திரம் நாடு கடந்து வந்தவர்களின் புகலிடமானது. அரசி முதலாம் எலிசபெத் காலத்தில் இங்கிலாந்துக்குள் கத்தோலிக்கக் குருக்களை உருவாக்க வழியே இல்லை. நாடு கடந்து வாழ்ந்த ஆங்கிலேயக் குரு வில்லியம் ஆலன், இன்றைய பிரான்சில் உள்ள துவே நகரில் 1568-இல் ஒரு குருமடம் தொடங்கினார். அடுத்து உரோமைச் சத்திரத்தையும் குருமடமாக்க முயற்சி எடுத்தார். 1579-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகரி அதை முறையாக நிறுவினார்.

அதற்கு முன்னால் பெரிய சண்டையே நடந்தது. அதிபராக இருந்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர். தம் ஊர்ப் பையன்களுக்கே சலுகை காட்டுகிறார் என்று ஆங்கிலேய மாணவர்கள் கொதித்தார்கள். குருமடத்தைவிட்டே வெளியேறினார்கள். திருத்தந்தை தலையிட்டு அவர்களைத் திரும்ப அழைத்து, நிர்வாகத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். பங்கில், மறைமாவட்டத்தில், ஊர் பேரிலும் சாதி பேரிலும் நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். பின்னாளில் உயிரையே கொடுக்கப்போகிற வீட்டிலும் இந்தப் பிரிவினை இருந்திருக்கிறது. கடவுள் அதற்காக அவர்களைக் கைவிட்டுவிடவில்லை.

சண்டை தீர்ந்ததும், 1579 ஏப்ரலில், மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து உறுதிமொழி எடுத்தார்கள். குருமடப் பதிவேட்டில் முதல் பெயர் ரால்ஃப் ஷெர்வின். இங்கிலாந்துக்குப் போகத் தயாரா என்ற கேள்விக்கு, ஆன்மாக்களின் உதவிக்காக நாளைக்கு என்பதைவிட இன்றைக்கே போகத் தயார் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது. மறு ஆண்டு ஏப்ரலில் இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் இருந்த குழுவோடு வடக்கே கிளம்பினார். வழியில் மிலானில் புனித சார்லஸ் பொரோமேயோ அவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். அந்த நவம்பரிலேயே இலண்டனில் ஷெர்வின் பிடிபட்டார். கோபுரச் சிறையில் உடலை இழுத்துச் சித்திரவதை செய்தார்கள். 1581 டிசம்பர் 1 அன்று டைபர்ன் கொலைக்களத்தில், கேம்பியனோடும் அலெக்சாண்டர் பிரையன்டோடும் அவரைக் கொன்றார்கள். "இயேசுவே, இயேசுவே, இயேசுவே, எனக்கு இயேசுவாக இரும்" என்பதுதான் அவருடைய கடைசிச் செபம்.

இதை எங்களுக்குச் சொன்ன பிரதர், அப்படியே பலிபீடத்துக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினார். துரந்தே அல்பெர்த்தி 1580 வாக்கில் வரைந்தது. மூவொரு இறைவனின் படம்: தந்தை தம் மகனின் உயிரற்ற உடலைத் தாங்கியிருக்கிறார். கீழே ஒரு பக்கம் கான்டர்பரியின் புனித தாமஸ், மறுபக்கம் புனித எட்மண்ட் அரசர். கிறிஸ்துவின் காயங்களிலிருந்து இரத்தம் கீழே விழுகிறது. எங்கே விழுகிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள் என்றார். இங்கிலாந்தின் நிலப்படத்தின்மேல் விழுகிறது. விழுந்த இடத்தில் நெருப்புப் பற்றுகிறது. "மண்ணுலகில் தீமூட்ட வந்தேன்" என்ற லூக்கா நற்செய்தி வசனம் இலத்தீனில் எழுதியிருக்கிறது. அதுவே இந்தக் குருமடத்தின் விருதுவாக்கும்.

முன்னாள் மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம் மாணவர்கள் இந்தப் படத்தின் முன் கூடி தெ தேயும் பாடியிருக்கிறார்கள். முந்தைய ஆண்டு கூடச் சாப்பிட்டவன், கூடப் படித்தவன். அவனுக்காக ஒப்பாரி வைக்காமல் நன்றிப் பாடல்! அடுத்து போகப்போவது தாங்கள்தான் என்று தெரிந்தே பாடினார்கள். 1585-இல் வந்த சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்புவதே ராஜத் துரோகம். அப்படியும் போனார்கள். எதிர்ப்புறம் சான் ஜிரோலமோ இல்லத்தில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரி, தெருவில் இந்த மாணவர்களைப் பார்த்தால் "மறைசாட்சிகளின் மலர்களே, வாழ்க" என்று வாழ்த்துவாராம். மாசில்லாக் குழந்தைகள் திருநாள் பாடலின் முதல் வரி அது.

கோயிலின் மேல்தளத்தில் மறைசாட்சிகளின் ஓவிய வரிசை இருக்கிறது. நெஞ்சைப் பிசையும் படங்கள்; மனம் தாங்காதவர்கள் சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மூல ஓவியங்கள் 1583-இல் பொமராஞ்சியோ தீட்டியவை. அவை பழைய கோயிலோடு அழிந்துவிட்டன. ஆனால் 1584-இலேயே அவற்றைத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட புத்தகம் தப்பியது; இப்போது இருப்பவை அதைப் பார்த்து வரைந்தவை. 1886-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ 54 பேரை அருளாளர்களாக அறிவித்தபோது, இந்தப் படங்களே சாட்சியமாகக் கொள்ளப்பட்டன: 13-ஆம் கிரகரியின் அனுமதியோடு கோயில் சுவரில் வரையப்பட்டதால், மக்கள் அன்றைக்கே அவர்களுக்கு வணக்கம் செலுத்தினார்கள் என்பதற்கு அது ஆதாரம். ஷெர்வின் 1970-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைசாட்சிகளில் ஒருவராகப் புனிதரானார். கவிஞரான இராபர்ட் சவுத்வெல்லும், 1679-இல் வேல்ஸ் நாட்டில் கொல்லப்பட்ட டேவிட் லூயிஸும் அந்த நாற்பதில் உண்டு. லூயிஸ்தான் இந்தக் குருமடத்தின் கடைசி மறைசாட்சி.

1798-இல் பிரெஞ்சுப் படை உரோமைக்குள் வந்ததும் குருமடம் மூடப்பட்டது, கோயில் பாழானது. 1818 டிசம்பரில் மீண்டும் மாணவர்கள் வந்து சேர்ந்தபோது அவர்களில் ஒருவன் பதினாறு வயது நிக்கோலஸ் வைஸ்மன். அவர் பிறகு இங்கேயே அதிபரானார். 1850-இல் இங்கிலாந்தில் ஆயர்கள் ஆட்சியைத் திருத்தந்தை மீண்டும் நிறுவியபோது வெஸ்ட்மின்ஸ்டரின் முதல் பேராயரும் கர்தினாலும் ஆனார். நாங்கள் செபித்த கோயில் அதற்கும் பிறகு, 1866-க்கும் 1888-க்கும் இடையில் கட்டியது.

அந்தப் படத்தின் முன் நான் நம் ஊர்க் குருமாணவர்களுக்காகச் செபித்தேன். பூவிருந்தவல்லியில் படிப்பவர்கள், திருச்சியில் படிப்பவர்கள், குருமடத்தைவிட்டுப் பாதியில் வீடு திரும்பியவர்கள், அப்படித் திரும்பிய பிள்ளையை ஊராரின் பேச்சிலிருந்து காக்கப் போராடும் தாய்மார்கள், எல்லோருக்காகவும். ஷெர்வினிடம் பரிந்துபேசக் கேட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 இங்கே மறைசாட்சிகள் திருநாள். அன்றைக்கு இன்றும் மாணவர்கள் அந்தப் படத்தின் முன் தெ தேயும் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் உரோமையில் இருக்க வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். பாடமும் செபமும் நடக்கும் வீடு என்பதால் நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது. பயணத் தேதி முடிவானதுமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.