9.15 மணிக்குப் பூட்டுற கேட்டு

கவர்மென்ட் ஸ்கூல்ல புதுசா ஜாயின் பண்ற டீச்சருக்கு மொத வாரத்துலயே ஒண்ணு புரிஞ்சுடும். பாடம் எப்படி நடத்துறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க, காலைல எச்.எம். டேபிள்ல இருக்குற ரெஜிஸ்டர்ல சைன் இல்லேன்னா மட்டும் உடனே கேள்வி வரும். நான் மேத்ஸ் டீச்சர், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், வீடு திண்டுக்கல்ல. எங்க ஸ்டாஃப்ல பாதிக்கு மேல இப்படித்தான், திண்டுக்கல்லோ மதுரையோ ஏதோ ஒரு டவுன்ல இருந்து தினமும் வந்துட்டுப் போறவங்க. வாத்தியாரு உள்ளூர்லயே குடியிருந்ததெல்லாம் எங்க அப்பா காலத்தோட முடிஞ்சு போச்சு. ஆக எங்க ஸ்கூலுக்கு வர்ற டீச்சரும் பஸ்ஸை நம்பித்தான் வராங்க, பசங்கள்ல பெரும்பாலானவங்களும் பஸ்ஸை நம்பித்தான் வராங்க, ஆனா லேட்டாச்சுன்னா ரெண்டு பேருக்கும் கெடைக்குற மரியாதை ஒண்ணு இல்ல.

எங்களுக்கு லேட்டானா அதுக்குப் பேரே வேற, பெர்மிஷன். எங்க ஸ்கூல்ல மாசத்துக்கு ரெண்டு பெர்மிஷன், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். பஸ்ஸுல இருந்தே எச்.எம்.க்கு ஒரு போன், "சார், வத்தலக்குண்டு ரோட்டுல டிராஃபிக்கு, பெர்மிஷன் போட்டுக்குறேன்"னு சொன்னா அவரும் "சரிம்மா, பாத்து வாங்க"ம்பாரு. ரெண்டும் தீந்து போச்சுன்னா அரை நாள் சி.எல்., அதாவது கேஷுவல் லீவு போகும், வருஷத்துக்கு இருக்குறதே 12 சி.எல்.தான், அதனால மாசக் கடைசியில எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே கெளம்பி வருவாங்க, நானும்தான். இது நல்ல ஏற்பாடுன்னுதான் சொல்வேன். மனுஷன்னா ஒரு நாள் கேஸ் தீரும், ஒரு நாள் புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், ஒரு நாள் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தெரிஞ்ச யாரோதான் இந்த ரூலை எழுதியிருக்கணும்.

பசங்களுக்கு அந்த மாதிரி எதுவும் கெடையாது. 9.10க்கு மொத பெல், 9.15க்கு பிரேயர், அப்பவே கேட்டு சாத்தியாச்சு. தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சு குறள் சொல்லி நியூஸ் வாசிச்சு ஜனகணமன வரைக்கும் லேட் கமர்ஸ் எல்லாம் வெளிய ரோட்டுல நிக்கணும், அப்புறம் வெளையாட்டு வாத்தியார் பி.இ.டி. சார் வந்து கேட்டைத் தெறந்து எல்லாரையும் கிரவுண்டு ஓரமா லைன்ல நிறுத்தி நோட்டுல பேர் எழுதுவாரு, கிரவுண்டுல பேப்பர் பொறுக்கச் சொல்வாரு, ஆக கிளாஸுக்கு வந்து சேர்றப்ப ஃபர்ஸ்ட் பீரியட்ல பாதி போயிருக்கும். பி.இ.டி. சாரைக் குத்தம் சொல்லல, அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்யுறாரு, அடிக்கக்கூட மாட்டாரு. அடிக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே 17ஆவது பிரிவுல இருக்கு, உடம்புக்குத் தண்டனையும் கூடாது, மனசைக் கஷ்டப்படுத்துறதும் கூடாதுன்னு. வெயில்ல நிக்க வைக்குறதும் ரோட்டுல போறவங்க பாக்க வெளிய நிறுத்துறதும் அதுக்குள்ள வருமா வராதான்னு ஸ்டாஃப் ரூம்ல கேட்டுப் பாருங்க, சத்தம் கெளம்பும்.

கேட்டைப் பூட்டுறதைப் பத்திப் பேச்சு வந்தா நான் எப்பவும் ஜப்பான்ல நடந்த ஒண்ணைச் சொல்வேன். 1990 ஜூலையில கோபே நகரத்துல ஒரு ஹைஸ்கூல்ல காலை எட்டரை மணிக்கு டாண்ணு ஒரு வாத்தியார் இரும்பு கேட்டைத் தள்ளி மூடுறாரு, கடைசி செகண்டுல உள்ள ஓடி வந்த 15 வயசுப் பொண்ணு கேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டி செத்துப் போச்சு. கேட்டோட வெயிட் 230 கிலோ. அந்த வாத்தியாருக்குக் கோர்ட்டுல தண்டனை ஆச்சு. டைம்னா ஜப்பான்காரனைப் பாத்துக் கத்துக்கணும்னு நம்ம ஊரு மீட்டிங்ல ஆளாளுக்குப் பேசுறாங்கல்ல, அதே ஜப்பான்லதான் இதுவும் நடந்துச்சு. எங்க கேட்டு அவ்ளோ பெருசு இல்ல, தகரக் கேட்டுதான், ஆனா 9.14க்கு அதை நோக்கி ரோட்டைக் குறுக்கால தாண்டி ஓடி வர்ற புள்ளைங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும், அந்த ரோட்டுல மணல் லாரி போகுது.

சரி, யாரு லேட்டா வராங்க? லேட் நோட்டை ஒரு தடவை உக்காந்து பொறுமையா பாத்தேன், கணக்கு டீச்சருக்கு வேற என்ன பொழுதுபோக்கு. திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினஞ்சு பேர்தான், அதுலயும் ரெண்டு வகை. ஒரு வகை ஒரே பஸ்ஸுல வர்றவங்க, அவங்க வந்தா கூட்டமா லேட்டு, இல்லேன்னா எல்லாருமே கரெக்ட் டைம். இன்னொரு வகைதான் எனக்கு மொதல்ல புடிபடல. உள்ளூர்ப் புள்ளைங்க, ஸ்கூல்ல இருந்து கூப்பிடு தூரத்துல வீடு, ஆனா சில வாரம் தொடர்ந்து லேட்டு, சில வாரம் ஒரு நாள்கூட லேட்டு இல்ல. ஸ்டாஃப் ரூம்ல மாட்டியிருக்குற தினசரி காலண்டர்ல தேதியைப் புரட்டிப் பாத்தப்பதான் வெளங்குச்சு, லேட்டான நாள் பூராவும் முகூர்த்த நாளை ஒட்டி வருது.

எங்க ஏரியா மல்லிப்பூ ஏரியா. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குத்தான் சுத்துப்பட்டு ஊரு பூவெல்லாம் போகும். மொட்டு விரியுறதுக்கு முன்னாடி பறிச்சாகணும், அதனால இருட்டோட தோட்டத்துல எறங்கிடுவாங்க, நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டுப் பறிக்கிறதும் உண்டு. பறிகூலி கிலோவுக்கு இவ்ளோன்னு கணக்கு, முகூர்த்தம் வந்தா பூ விலை ஏறும், விலை ஏறுனா தோட்டக்காரர் ஒரு மொட்டு விடாம பறிக்கச் சொல்வாரு, வீட்டுல இருக்குற எல்லாக் கையும் அங்கதான் இருக்கும். ஆடியில கல்யாணம் இல்லேன்னு பாத்தா ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் பூ வேணும். தையில பனியில விளைச்சலே இருக்காது, விலை மட்டும் ஆயிரக்கணக்குல போகும், அப்போ கால் கிலோ பறிக்கவே ஒரு மணி நேரம் குனிஞ்சு கெடக்கணும்.

ஒன்பதாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பேரு வேணாம். பாவாடை ஓரம் பூரா பனியில நனைஞ்சு மண்ணு ஒட்டியிருக்கும், வெரல் நுனியெல்லாம் பச்சைக் கறை, அது வந்து பெஞ்சுல உக்காந்தா அந்த வரிசைக்கே மல்லி வாசம் வரும். ஒரு நாள் சதவீதக் கணக்கு நடத்திட்டு இருந்தேன், புக்ல இருந்த லாப நட்டக் கணக்கு, கிளாஸே முழிச்சுக்கிட்டு இருக்கு, லேட்டா வந்து வாசல்ல நின்ன இவ அங்க இருந்தபடியே விடையைச் சொன்னா. எப்படிடின்னு கேட்டேன். "மார்க்கெட்ல கமிஷன் கழிப்பாங்கல்ல மிஸ், அதே மாதிரிதான"ன்னா. ரெண்டு கிலோ எழுநூறு கிராம், கிலோ 360 ரூபா, நூத்துக்குப் பத்து கமிஷன் போக எவ்ளோன்னு சும்மா கேட்டுப் பாத்தேன், பேனாவே எடுக்கல, உதட்டை ரெண்டு தடவை அசைச்சுட்டு "எண்ணூத்தி எழுவத்தஞ்சு கிட்ட வரும் மிஸ், சில்லறையைக் குடுக்க மாட்டாங்க"ன்னா. 874 ரூபா 80 காசு, நான் போர்டுல போட்டுத்தான் சரி பாத்தேன். இந்தப் பொண்ணோட பேருதான் லேட் நோட்டுல அதிகம். சோம்பேறின்னு ஸ்டாஃப் ரூம்ல பேரு வேற, நாலு மணிக்கு எந்திரிக்கிற புள்ளையை ஆறரைக்கு அலாரம் அடிச்சும் பொரண்டு படுக்குற நாம சோம்பேறிங்குறோம்.

இதை வச்சு லேட்டாவே வரட்டும் விடுங்கன்னு நான் சொல்ல வரல. ஃபர்ஸ்ட் பீரியட் மேத்ஸ் எடுக்குறவளுக்கு லேட்டோட வலி நல்லாவே தெரியும், சூத்திரம் போட்டு முடிச்சு மொத கணக்கு ஆரம்பிக்குறப்ப நாலு பேர் "மே ஐ கமின் மிஸ்"னு வந்து நின்னா அந்த நாலு பேருக்கும் புரியாது, உள்ள இருக்குற முப்பத்தாறு பேருக்கும் அறுந்து போகும். சின்ன வயசுப் புள்ளை பூப்பறிக்கப் போறதையும் நான் நியாயம்னு சொல்லல, அது ஸ்கூல் கேட்டுல தீக்குற பிரச்சனை இல்ல, அவ்ளோதான். என் வருத்தம் வேற இடத்துல. பாடத்தைத் தவற விட்டவனுக்குத் தண்டனையா இன்னும் கொஞ்சம் பாடத்தையே புடுங்குறோமே, இது என்ன கணக்கு? பத்து நிமிஷம் லேட்டா வந்தவனை நிக்க வச்சு முப்பது நிமிஷம் லேட்டாக்கி உள்ள அனுப்புறோம், கேட்டா டிசிப்ளின்.

எழுதப்படாத லேட்டு ஒண்ணும் இருக்கு, அதைச் சொன்னா எங்க ஆளுங்களுக்கே கோவம் வரும். ஸ்கூலுக்கு லேட்டா வர்றது ஒண்ணு, கிளாஸுக்கு லேட்டா போறது இன்னொண்ணு. ரெஜிஸ்டர்ல 9.05க்கு சைன் போட்டுட்டு, பையை வச்சுட்டு, டீ குடிச்சு, டி.ஏ. அரியர் பத்திப் பேசி, கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு இ.எம்.ஐ.எஸ்.ல ஏதோ என்ட்ரி மிச்சம் இருக்குன்னு போனை நோண்டி, 9.30 பீரியடுக்கு 9.40க்கு உள்ள போறவங்க எந்த நோட்டுலயும் வர மாட்டாங்க. நாப்பது புள்ளைங்க, ஆளுக்குப் பத்து நிமிஷம், 400 நிமிஷம் போச்சு. லேட்டா வந்த புள்ளை இழக்குறது அதோட பத்து நிமிஷத்தை மட்டும்தான். அந்த ஆன்லைன் என்ட்ரி வேலை நெஜமாவே பெரிய தலைவலிதான், அதை மறுக்கல, அட்டெண்டன்ஸைக் காலையிலயே ஆப்ல போட்டாகணும், எங்க ஊர்ல சிக்னல் இருக்குறது வேப்பமரத்தடியில மட்டும். ஆனாலும் டீயையும் ஆப் கணக்குலயே எழுதுறோம்.

2019 வாக்குல பயோமெட்ரிக் மெஷின் வந்துச்சே, ஆதாரோட இணைச்சது, அப்பவும் இதே கூத்துதான். எல்லாரும் டைமுக்கு வந்தாங்க, ஆமா, வந்து மெஷின் முன்னாடி லைன்ல நின்னாங்க. சாக்பீஸ் புடிச்சுத் தேஞ்ச வெரலு சீனியர் டீச்சர் ஒருத்தருக்கு எத்தனை தடவை வச்சாலும் எடுக்காது, முந்தானையில தொடைச்சுத் தொடைச்சு வைப்பாங்க, பின்னாடி நிக்குறவங்க அவங்களையே பாப்பாங்க, கிளாஸ்ல புள்ளைங்க கத்துற சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்கும். சாயங்காலம் நாலேகாலுக்கு மறுபடியும் அதே லைன். 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு ஸ்கூலை மூடுனாங்க, தெறந்தப்புறம் எங்க ஸ்கூல்ல அந்த மெஷின் மேல யாரும் வெரல் வைக்கல, தூசி அடைஞ்சு இன்னும் சுவத்துலயே இருக்கு. ஆளு கட்டடத்துக்குள்ள வந்துட்டாரான்னுதான் மெஷினுக்குத் தெரியும், பாடத்துக்கு வந்தாரான்னு தெரியாது.

ரூலே இல்லாம டைமுக்கு வர வச்ச ஒண்ணை நான் கண்ணால பாத்தேன்னா அது காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா கவர்மென்ட் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அஞ்சாவது வரைக்கும். எங்க பக்கத்து காம்பவுண்டுதான் எலிமென்டரி ஸ்கூல். பொங்கலோ கிச்சடியோ வாசம் வர்றதுக்கு முன்னாடியே குட்டிங்க தட்டோட வந்து உக்காந்துடும். அதுல ஒரு வேடிக்கை, தம்பி தங்கச்சியைக் கொண்டாந்து விடுற எங்க ஹைஸ்கூல் புள்ளைங்களும் கூடவே சீக்கிரம் வந்துட ஆரம்பிச்சதுல ரெண்டு மூணு பேரு லேட் நோட்டை விட்டே காணாம போயிட்டாங்க. எங்க புள்ளைங்களுக்கு அந்தச் சாப்பாடு கெடையாது, ஆறாவதுல இருந்து இல்ல. இலவச சைக்கிளும் பதினொண்ணாவதுக்குத்தான், எங்க ஸ்கூல் பத்தாவதோட முடிஞ்சுடும். ஆக ரெண்டு திட்டத்துக்கும் நடுவுல இருக்குற இந்த அஞ்சு கிளாஸ் புள்ளைங்களுக்குக் கையில இருக்குறது பஸ் பாஸ் ஒண்ணுதான்.

அந்த பஸ்ஸுக்கு வரேன். டைம் டேபிள்படி எட்டரைக்கு வரணும், வந்தா எட்டே முக்காலு, சில நாள் ட்ரிப்பே கட்டு, அதுக்கப்புறம் இருக்குறது அடுத்த மணி நேரத்துல. சில நாள் புள்ளைங்க கூட்டத்தைப் பாத்ததும் ஸ்டாப்பிங் தாண்டிப் போய் நிறுத்தி ரெண்டு பேர் எறங்குனதும் எடுத்துடுவாங்க, ஓடிப் போய்த் தொத்துறவன் தொத்துவான், பொம்பளைப் புள்ளைங்க நின்னுடும். நான் வர்ற பஸ்ஸுல இருந்தே இதைப் பாத்திருக்கேன், "ஏண்ணே, புள்ளைங்க நிக்குதுல்ல"ன்னா கண்டக்டர் "உள்ள எங்கம்மா எடம்"பாரு, அவர் சொல்றதும் பொய் இல்ல. அப்படி நின்ன புள்ளைங்கதான் 9.15க்கு எங்க கேட்டுக்கு வெளிய நிக்கும்.

போன வருஷம் ஸ்டாஃப் மீட்டிங்ல ரெண்டு விஷயம் கேட்டேன். லேட் நோட்டுல பேருக்குப் பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் போடுங்க, பஸ்ஸு, பூ, வீட்டு வேலை, சும்மான்னு. சும்மா லேட்டா வர்றவனைத் தனியா கூப்பிட்டுக் கண்டிங்க, நானே கண்டிக்குறேன், மத்தவங்களை நேரா கிளாஸுக்கு அனுப்பிடுங்க, சாயங்காலம் பேசிக்கலாம். ரெண்டாவது, டீச்சர் கிளாஸுக்குள்ள போற டைமைக் கிளாஸ் லீடர் ஒரு நோட்டுல எழுதட்டும். மொதலாவதை எச்.எம். ஒத்துக்கிட்டாரு, பி.இ.டி. சாருக்கும் நிம்மதி. ரெண்டாவதைச் சொன்னதும் ரூமே அமைதியாச்சு, அப்புறம் ஒருத்தர் "டீச்சரை ஸ்டூடன்ட் வேவு பாக்குறதா"ன்னு கேட்டாரு, அதோட அந்தப் பேச்சு நின்னு போச்சு, எங்கூட ஒரு வாரம் பேசாதவங்களும் உண்டு.

காரணக் கட்டம் போட்டதுல பஸ்ஸுன்னு எத்தனை வருதுன்னு கைவசம் கணக்கு இருக்குல்ல, அதை ஜெராக்ஸ் எடுத்து மனுவோட டிப்போவுல குடுத்தோம். கொஞ்ச நாள் எட்டரை பஸ்ஸு எட்டரைக்கே வந்துச்சு, லேட் நோட்டுல பக்கமே நெறயல. அப்புறம் டிரைவர் கண்டக்டர் மாறுனாங்க, பழையபடி ஆயிடுச்சு. இப்ப மறுபடியும் மனு எழுதி வச்சிருக்கோம், இந்தத் தடவை பெத்தவங்க கையெழுத்தும் வாங்கிட்டு இருக்கோம், பூ சீசன்ங்கிறதால பாதிப் பேரு சாயங்காலம்தான் வீட்டுல கெடைக்குறாங்க.