வீட்டுக்குச் சொல்லாதீங்க மேம்

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் எங்கள் கல்லூரியின் உள் புகார்க் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். பல புகார்கள் மறந்துவிட்டன. அந்த விடுதி மாணவனுடையது மறக்கவில்லை. நடந்ததைச் சொல்வதற்கு முன்பே அவன் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குச் சொல்லாதீங்க மேம்."

அவனுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது ஒரு சீனியருக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்தே அவனை வரவழைத்திருக்கிறான். வெளியே சொன்னால் அப்பாவின் வாட்ஸப்புக்கு ஸ்கிரீன்ஷாட் போகும் என்பது மிரட்டல். உடம்பில் பட்ட காயத்தை விட அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குத்தான் அவன் நடுங்கினான்.

படிவத்தை நீட்டினேன். முதல் வரியில் "பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர்" என்று அச்சாகியிருந்தது. பேனாவைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பெண்ணின்' என்பதை நானே அடித்தேன். ஆறு வருடமாக என் கண்ணில் படாத வரி!

குழுவில் முதல் கேள்வி, "இது நம்ம வேலையா?" ஒருவர், "பசங்களுக்குள்ள நடக்கிற விளையாட்டு" என்றார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது, உண்மைதான். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகள், தலைப்பில் பெண்கள் என்று இருந்தாலும், உள்ளே சில ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று சொல்கின்றன. வாசித்துக் காட்டினேன். அப்புறம் ஒரு மூத்த பேராசிரியர், "ராகிங்னு எழுதிடலாமே, சீக்கிரம் முடியும்" என்றார். ராகிங் விதிகளில் 2016இல் பாலீர்ப்பும் சேர்க்கப்பட்டது, வழி இருக்கிறது. ஆனால் அப்படி எழுதினால் அவனுக்கு நடந்தது காகிதத்தில் இருக்காது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

போலீஸுக்குப் போகலாமா என்று அவனே கேட்டான். 2018இல் உச்ச நீதிமன்றம், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து சம்மதத்தோடு நடப்பதை மட்டும்தான் விடுவித்தது. சம்மதமில்லாததற்கு அந்தப் பிரிவு இருந்தது. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தபோது அதுவும் சேர்ந்தே போய்விட்டது. வளர்ந்த ஆண் மீதான வல்லுறவுக்கென்று தனிப் பிரிவே இப்போது இல்லை. திருநங்கையாக இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது: 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் இரண்டு வருடம். பெண்ணென்றால் வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடம். அடி, மிரட்டல் என்று வேறு பிரிவுகளில் புகார் கொடுக்கலாம் என்றேன். தலையாட்டினான்.

தவறு நான் செய்தது. விசாரணை நாட்களில் வகுப்புக்கு விடுப்பு வேண்டும் என்று துறைத் தலைவரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. "பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா மேடம்?" என்றார். பத்தொன்பது வயதுப் பையன், ரகசியம் காக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது என்றேன். போன் போன பிறகு விதியைச் சொல்லி என்ன பயன்? சாயங்காலம் அப்பா வந்து பெட்டியோடு அழைத்துப் போனார். புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் தபாலில் வந்தது. கையெழுத்து அவனுடையதுதான்.

சீனியர் அந்த வருடமே பட்டம் வாங்கினான்.

அடுத்த பருவத்தில் படிவத்தை மாற்றினோம். பெயர் என்று மட்டும் ஒரு வரி. அதன் கீழே, "யாருக்கெல்லாம் தெரியக் கூடாது?" அந்த வரியை முதலில் நிரப்பியது ஒரு முதலாமாண்டு மாணவி. அப்பா, அம்மா, அக்கா வீட்டுக்காரர், வார்டன் என்று எழுதி, இடம் போதாமல் பின்பக்கம் திருப்பினாள்.