படம் எங்கே எடுத்தது என்பது பாதி வேலைதான்

தமிழில் செய்தி சரிபார்க்கும் மேசைக்கு வரும் வாட்ஸ்அப் காணொளிகளில், தொப்பியும் தாடியும் பர்தாவும் தென்படுபவற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வெட்டி ஒட்டியவை அல்ல. யாரோ எங்கோ எதையோ நிஜமாகவே செய்துகொண்டிருப்பார்கள். மேலே எழுதியிருக்கும் இரண்டு வரிதான் பொய். அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கருவிகளைச் சொல்லிக்கொடுப்பது சீக்கிரம் முடிந்துவிடும். தர்காவின் சந்தனக்கூடு விழா எது, முஹர்ரம் ஊர்வலம் எது, கூட்டாக அமர்ந்து இறைவனைத் துதித்து ஓதும் ராத்திபு மஜ்லிஸ் எது என்று பார்த்தவுடன் சொல்லவைக்கத்தான் நாளாகும்.

2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுத்தீனில் உள்ள தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் மதப் பரப்புரை இயக்கத்தின் மையத்தில் கொரோனா பரவியது தெரியவந்ததும் 'கொரோனா ஜிஹாத்' என்ற ஹேஷ்டேக் கிளம்பியது. அதோடு வந்த காணொளிகள் இந்த வேலைக்கு இன்றும் நல்ல பாடம். ஒன்றில், வெள்ளைத் தொப்பி அணிந்தவர்கள் தட்டுகளையும் கரண்டிகளையும் நாவால் வழிக்கிறார்கள். எச்சிலால் நோயைப் பரப்புகிறார்களாம். தொப்பியின் விளிம்பில் பொன்னிறப் பட்டை இருக்கிறதா என்று பார்த்திருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும். அது தாவூதி போரா முஸ்லிம்களின் தொப்பி. ஒரு பருக்கையையும் வீணாக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தக் காணொளி 2018 முதலே இணையத்தில் இருந்தது. போராக்கள் ஷியா இஸ்மாயிலிகள், தப்லீக் ஜமாஅத்தோ தேவ்பந்த் வழிவந்த சுன்னிகளின் இயக்கம். தலைப்பைப் பொய் என்று காட்ட அந்தத் தொப்பியே போதும்.

இன்னொன்றில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். கூட்டாகத் தும்மி நோய் பரப்பும் பயிற்சி என்று எழுதியிருந்தது. அது ஒரு சூஃபி திக்ர், அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழிபாடு. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வளர்ந்த எவரும் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். தப்லீக்காரர்களிடம் இப்படிப்பட்ட திக்ருக்கு வழக்கமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றாவதில் ஒருவர் காவல்துறை வண்டிக்குள் போலீஸ்காரர் மீது உண்மையிலேயே துப்புகிறார். அவர் மும்பையில் விசாரணைக் கைதி. நடந்தது 2020 பிப்ரவரி 29. நிஜாமுத்தீன் விவகாரம் வெடிக்க அதன்பிறகு ஒரு மாதம் இருந்தது. மத்தியப் பிரதேசம் ராய்சேனில் பழ வியாபாரி எச்சில் தொட்ட காணொளியும் பிப்ரவரி மாதத்தது. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற பொருளில் எழுதியது. அந்தக் காணொளிகளோ அதற்குள் எத்தனையோ குடும்பக் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டிருந்தன.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. காணொளியிலிருந்து நான்கைந்து சட்டகங்களை (ஃப்ரேம்களை) பிரித்தெடுக்க இன்விட் என்ற சரிபார்ப்புக் கருவி போதும். முகம் மட்டும் தெரிவதை விட்டுவிட்டுக் கடைப் பலகை, வண்டி எண், பேருந்தின் நிறம், போலீஸ் சீருடை தெரியும் சட்டகங்களை எடுக்க வேண்டும். மேலே ஒட்டிய எழுத்தையும் எமோஜியையும் வெட்டிவிட்டுத்தான் தேட வேண்டும். இல்லையென்றால் தேடுபொறி அதே வதந்தியையே திருப்பித் தரும். கூகுள் லென்ஸில் கிடைக்காதது ரஷ்யத் தேடுபொறியான யான்டெக்ஸில் கிடைப்பதுண்டு. பலகை எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு மறுபடி தேட வேண்டும். வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் அழிந்திருக்கும். முதலில் எடுத்தவரை எட்ட முடிந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறியது என்று பொருள். வாட்ஸ்அப் நிறுவனம் 2020 ஏப்ரலில் அத்தகைய செய்திகளை ஒரே நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பும்படி கட்டுப்படுத்தியது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: பகிராமல், பதிவிறக்கிப் புதிதாக ஏற்றுகிறார்கள். அம்புக்குறியும் காணாமல் போகிறது.

கொடி விஷயத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் அதே கூத்துதான். பச்சைக் கொடி, பிறை, நட்சத்திரம் தெரிந்தால் 'பாகிஸ்தான் கொடி' என்று எழுதிவிடுவார்கள். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி நெடுக வெள்ளைப் பட்டை இருக்கும். பிறை பச்சைப் பகுதியின் நடுவில் இருக்கும். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கொடியில் வெள்ளைப் பட்டை கிடையாது. பிறையும் நட்சத்திரமும் மேல் மூலையில் இருக்கும். 2019 இல் ராகுல் காந்தி வயநாட்டில் போட்டியிட்டபோது அங்கே பறந்த லீக் கொடிகள் இப்படித்தான் நாடு முழுக்கப் பேசுபொருளாயின. தர்கா கொடியேற்றத்தில் கட்சிக்கே வேலையில்லை. அதற்கும் இதே கதிதான். காற்றில் மடிந்திருக்கும் கொடியை ஒற்றைச் சட்டகத்தில் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. விரிந்த நொடி வரும்வரை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கோஷங்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். 'ஜிந்தாபாத்' என்று முடியும் எந்தக் கூச்சலுக்கும் முன்னால் 'பாகிஸ்தான்' என்று தலைப்பில் எழுதிவிட்டால் காதும் அதையே கேட்கும். தலைப்பைப் படித்துவிட்டவர்கள் கேட்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் கையாளும் முறை இது: ஒலியை மட்டும் பிரித்து, தலைப்பு எதுவும் சொல்லாமல், அந்த மொழி தெரிந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பது. ஹெட்போனில், முதலில் இயல்பான வேகத்தில், பிறகு முக்கால் வேகத்தில். கேட்டதை எழுதித் தரச் சொல்ல வேண்டும், வாயால் சொல்லச் சொல்லக் கூடாது. மூவரும் மூன்று விதமாக எழுதினால் 'இந்த ஒலியை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்றே வெளியிட வேண்டும். அப்படி வெளியிட ஆசிரியர்கள் தயங்குவார்கள். வாசகர்களோ அதைத் திட்டித்தான் கருத்து எழுதுவார்கள்.

இத்தனையும் செய்தும் கைகொடுக்காத வகை ஒன்று உண்டு. அதுதான் உயிரை வாங்குவது. 2018 பிப்ரவரி 26 இரவு, இலங்கை அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர், குழம்பில் கட்டியாக ஏதோ கிடப்பதாகத் தகராறு செய்தார். அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கூட்டம் சூழ்ந்து நிற்க, சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவே ஆமாம், போட்டோம் என்று தலையாட்டிய காணொளி முகநூலில் பரவியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் காணொளியை எந்தக் கருவியில் போட்டுத் தேடியும் பயனில்லை. இடம் சரி, தேதி சரி, ஆள் சரி, அவர் சொன்னதும் சரியாகவே பதிவாகியிருக்கிறது. பொய் குழம்புக்குள் இருந்தது. இலங்கை அரசின் ஆய்வகமான அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அது மாவுக்கட்டி என்று அறிக்கை கொடுத்தபோது கண்டி மாவட்டம் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் கணிப்பில், இங்கே ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருந்ததுதான் பிசகு. குழம்பில் என்ன இருந்தது என்பதற்கு ஆய்வகம் தேவை. ஒருவேளை சாப்பாட்டில் கலந்து ஓர் ஆணையோ பெண்ணையோ நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை இருக்கிறதா என்பதற்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் தொலைபேசி எண் போதும். அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் இல்லை. அந்த ஒரு வரியை, சிங்களம் பேசும் மருத்துவர் ஒருவரின் முகத்தோடு, ஒரு மணி நேரத்தில் சிங்களத்தில் வெளியிட்டிருக்க முடியும். அப்போது முதல் வதந்தி மேசைக்கு வந்ததும் கேள்வியை இரண்டாகப் பிரிக்கிறோம்: இது நடந்ததா, இது நடக்கக்கூடியதா? இரண்டாவதற்குப் பதில் 'இல்லை' என்றால் முதலாவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிற்பாடு கோவையின் பிரியாணிக் கடைகள் மீதும் இதே மாத்திரைக் கதை ட்விட்டரில் கட்டப்பட்டது. காவல்துறை அதைப் பொய் என்று மறுத்தது.

கண்டியில் நடந்ததற்குத் தூண்டுதல் வேறு. தெல்தெனியவில் ஒரு போக்குவரத்துத் தகராறில் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநர் மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். அது உண்மை. அந்த உண்மைமேல் அம்பாறை மாத்திரை ஏறிக்கொண்டது. திகனவில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 அன்று அவசரநிலை. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் முடக்கம். முஸ்லிம்களைக் குழந்தைகள் உட்படக் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவை முகநூலிடம் புகார் செய்தவர்களுக்கு, அது விதிமீறல் இல்லை என்ற பதிலே வந்தது. சிங்களம் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் அந்த நிறுவனத்தில் போதுமான அளவு இல்லை. அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். முடக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலிகள் தெரிந்தவர்கள், அதாவது கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள், உள்ளே நுழைந்துவிடுவார்கள். மறுப்பைப் படிக்க வேண்டியவர்கள்தாம் வெளியே நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கினார்கள்; மே மாதம் சிலாபத்திலும் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளிலும் கலவரம் நடந்தே தீர்ந்தது. சிலாபத்தில் தீப்பொறியாக இருந்தது ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூல் வாக்குவாதத்தில் எழுதிய பதில். அவர் எதற்குப் பதில் சொன்னார் என்பது தெரியாதபடி அந்த வரி தனியே ஸ்கிரீன்ஷாட்டாக உலவியது. ஸ்கிரீன்ஷாட் வந்தால் முழு உரையாடலின் இணைப்பைக் கேட்காமல் ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்பது அதனால்தான்.

அரை உண்மைகளுக்கு 'பொய்' முத்திரை குத்துவது எங்கள் தொழிலின் சொந்த வியாதி. 2022 செப்டம்பரில் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் நிலம் விற்கப் போனவரிடம், முஸ்லிம் அறச்சொத்துகளை நிர்வகிக்கும் வக்ஃப் வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகம் கேட்டது. ஊர் நிலம் வக்ஃப் சொத்து என்று வாரியம் பத்திரப்பதிவுத் துறைக்கு அனுப்பியிருந்த கடிதம் அசல்தான். ஊர்மக்களின் அச்சமும் நியாயமானது. எதிர்ப்புக்குப் பிறகு பழையபடியே பதிவு செய்யலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் பகிரப்பட்ட செய்திகளில் 1,500 ஆண்டுப் பழைய கோயிலை முஸ்லிம்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆனது. 2024 இல் வக்ஃப் மசோதா விவாதத்தில் அந்த ஊர்ப்பெயர் நாடாளுமன்றம்வரை போனது. இப்படிப்பட்டதை எழுதும்போது கடிதத்தின் படம், அதில் கேட்டது என்ன, பதிவு எப்போது நின்றது, எப்போது தொடர்ந்தது என்று வரிசையாக வைத்துவிட்டு, கோயில் விஷயத்தைத் தனியே மறுக்க வேண்டும். மொத்தத்தையும் 'பொய்ச் செய்தி' என்று தள்ளினால் அந்த ஊர்க்காரர் ஒருவர் கடிதத்தைக் காட்டுவார்; அதோடு நம் பேச்சு எடுபடாது.

முஸ்லிம்களுக்குள் சுற்றுவதும் குறைவில்லை. சிரியாப் போர்ப் படங்கள் காசாவின் பெயரில் வரும். 2024 மே மாதம் இன்ஸ்டாகிராமில் கோடிக்கணக்கில் பகிரப்பட்ட, காசாவின் ரஃபா நகரப் படம் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது. அதில் கூடாரங்கள் வரிசை பிசகாமல் நிற்பதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கு கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையை 1983 இலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை மறுத்தாயிற்று, இன்னும் வருகிறது. ஹதீஸ் (நபிமொழி) என்ற பெயரில் வரும் வாசகங்களுக்கு நூற்பெயர், எண், தரம் மூன்றையும் கேட்க வேண்டும். எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே பதிப்பகத்தின் பெயரும் வேண்டும். 'சீனா சென்றாயினும் கல்வி தேடு' என்பதைப் பலவீனமானது, இட்டுக்கட்டியது என்றே அறிஞர்கள் பலர் ஒதுக்கினார்கள். பள்ளிக்கூட மேடைகளில் அது ஓய்ந்தபாடில்லை. இந்த மறுப்பை ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் வாயால் சொல்லவைத்தால் எடுபடும், நாம் சொன்னால் எடுபடாது. கேள்விப்பட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையில் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டும் குழுக்களிலேயே நிலவுப் பாங்கும் வரும்.

மறுப்பை எழுதி முடித்தபின் செய்வதில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள். 'பொய்' முத்திரை படத்தின் மூலையில் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி பரப்புவார்கள். நடுவில் குறுக்கே இருக்க வேண்டும். தலைப்பில் வதந்தியைத் திருப்பிச் சொல்லக் கூடாது, உண்மை முதல் வரியில் வர வேண்டும். கட்டுரையோடு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவும் வேண்டும். அறிவிப்பாளர் தமிழில் வேண்டாம், அந்த வட்டாரப் பேச்சில். மறுப்புகளை முதலில் பகிர்பவர்கள் முஸ்லிம்கள்; அவர்கள் அந்தப் பொய்யை நம்பியதே இல்லை. நம்பிய குழுவில் இருக்கும் ஒருவர், அது ஓய்வுபெற்ற ஆசிரியரோ மளிகைக் கடைக்காரரோ, தன் பெயரில் அங்கே போட்டால்தான் பலன். அவரைத் தேடிப் பிடிப்பதும் வேலையில் சேர்த்தி.

நாட்காட்டி இன்னொன்று. ஹிஜ்ரி ஆண்டு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். வதந்திகளும் அதோடு நகரும். 2016 செப்டம்பரில் பக்ரீத் அன்று டாக்காவில் பெய்த மழையில் குர்பானி ரத்தம் கலந்து தெருவில் சிவப்பாக ஓடிய படம், பக்ரீத் நெருங்கும்போது வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு திரும்பவும் சுற்றுக்கு வரும். பழைய மறுப்பு, பிரித்த சட்டகங்கள், மூல இணைப்பின் காப்பகப் பிரதி மூன்றையும் ஒரே கோப்பில் பெயரிட்டு வைத்திருந்தால் புது ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பத்து நிமிடத்தில் வெளியிடலாம். முதல் வெளியீட்டுத் தேதியைக் கட்டுரையின் மேலேயே பெரிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் பழைய மறுப்பையே இன்று நடந்த செய்தி என்று யாராவது பகிர்வார்கள், அதற்கும் ஒரு மறுப்பு எழுத வேண்டிவரும்.