பித்தளை மணிய உருட்டி கழுவுறது

வடசேரில எங்க பட்டறைக்கு வாற பழைய பித்தளை மணி, விளக்கு திருகு எல்லாத்தையும் அம்மா புளி போட்டுதான் தேய்ப்பாங்க, இப்ப மணியோட நாக்க கழட்டிட்டு மோட்டார் பெல்ட்ல சுத்துற டிரம்முல சின்னச் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின், வெள்ளம் (தண்ணி), ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போட்டு 2 மணிநேரம் உருட்டுனா உள்பக்க கறுப்பு கூட போயிரும். ஆசிட்ட மட்டும் கூட்டிராதீங்க. போன மாசம் ஒரு ஸ்பூன் போட்டு ராத்திரி பூரா ஓட விட்டுட்டேன், காலைல பாத்தா அத்தனையும் ரோஸ் கலர், பித்தளைல செம்போட கலந்திருக்க துத்தநாகம் மேல்பக்கம் கரைஞ்சு செம்பு மட்டும் தெரியுது, மனசே விட்டுப்போச்சு.

வேலை முடிஞ்சா அழுக்கு வெள்ளத்த டிரம்முல விட்டு வைக்காதீங்க. மூடி வாஷர்ல ஒரு பின் சிக்கிருந்தா போதும், வெள்ளம் ஒழுகி பெல்ட் நனைஞ்சு வழுக்க ஆரம்பிச்சிரும், அதனால அந்த வாஷர விரலால தடவிப் பாத்துட்டுதான் மூடுவேன்.

நம்ம ஊரு கடல் காத்துக்கு ஈரத்தோட வச்சா சீக்கிரம் மங்கிரும், நல்லா அலசி, துணில உருட்டி, உடனே காய வச்சிருவேன். திருகு துளைக்குள்ள பின் ஒளிஞ்சிருக்கும், ஒவ்வொண்ணா கவுத்து தட்டிப் பாத்துதான் எடுத்து வைக்கணும்.